பதினொன்றாவது இழைப்புளி

வளப்பூர் நாடு
18.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை ருக்குமணி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். முட்டிவலி அப்படியே இருக்கிறது. உங்கள் சர்க்கரையும் அண்ணியின் இடுப்புவலியும் எப்படி இருக்கின்றன?

கடிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. இந்த விஷயத்தைச் சண்டை இல்லாமல் முடிக்க வேண்டும். அதோடு, பழைய இழைப்புளியை யார் செய்தது, எந்த ஊர்ச் சரக்கு என்று கண்டுபிடிக்க, அதன் முன்முகத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பினால் போதும் என்று நீங்கள் பேப்பரில் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பேப்பரை இங்கே எல்லாரும் படித்துவிட்டார்கள். ‘ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற முருகானந்தம்’ என்று போட்டு, சுவர் நிறைய இழைப்புளிகளோடு நீங்கள் நிற்கிற படம். கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

மாரியாயி கோயிலுக்குப் புதுக் கதவு போடுகிறார்கள். ஆடி பதினெட்டு கழிந்ததும் வேலை தொடங்கும். போன வாரம் குப்புசாமி மாமா மகன் தனபால் நம் வாசலுக்கு வந்தார். முப்பத்துநாலு வருடம் கழித்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அப்பனுக்கு எம்பது வயசாச்சுங்க. சாமி கதவுல ஒரு சீவலாவது அவரு கையால எடுக்கோணும்ங்கறாரு. நாட்டுச் சபையில கேட்டேன். திருட்டுப் பட்டம் இருக்கையில சாமி மரத்தைத் தொடப்படாதுன்னுட்டாங்க. அந்த இழைப்புளி உங்க ஊட்டுலதான கெடக்குது? முருகுக்கு அனுப்பிக் கேளுங்க. அவன் என்ன சொல்றானோ அதை ஒத்துக்கறோம்னு குழந்தைசாமி ஐயா சொல்லிட்டாரு” என்றார்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் குழந்தைசாமி ஐயாவும் மற்றப் பெரியவர்களும் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பச் சொன்னார்கள், அதனால் விட்டுப்போகாமல் எழுதுகிறேன். 1990இல் கோயில் மண்டபம் கட்டும்போது வளப்பூர், எடப்புளி, திருப்புலி மூன்று நாட்டுத் தச்சர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். கருவிகள் கலந்து கிடக்கும் என்பதால் ஒவ்வொரு வீட்டாரும் முன்முகத்தில் உளியால் தங்கள் குறியை வெட்டிக்கொள்வது நம் மலை வழக்கம். நம் வீட்டுக்கு மூன்று சாய்கோடு. குப்புசாமி மாமா வீட்டுக்குக் கூட்டல் குறி. யார் குறியோ அவர் பொருள், அதற்குமேல் சாட்சி கேட்கமாட்டார்கள். அப்பா அந்த வேலைக்காகச் சேந்தமங்கலத்தில் வாங்கிவந்த பழைய இழைப்புளிகளில் ஒன்று குறைந்தது. தேடியபோது மாமாவின் பெட்டியில் கிடைத்தது. அதன் முகத்தில் நம் மூன்று கோடும் அவருடைய கூட்டலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நம் குறியின்மேல் அவர் தன் குறியை வெட்டிவிட்டார் என்று நாடு தீர்த்துவிட்டது. அது என் தாத்தா காலத்துப் பொருள் என்று மாமா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இழைப்புளியை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா சாகும்வரை அதில் ஒரு நாளும் வேலை செய்யவில்லை.

தேய்த்த தாள்கள் மூன்று உள்ளே இருக்கின்றன. யார் செய்தது, யார் கையிலிருந்து யாருக்கு வந்தது, இரண்டு குறிகளில் எது முதலில் வெட்டியது என்று சொல்லுங்கள்.

மிளகு இந்த வருடம் சுமார். வேறு விசேஷம் இல்லை.

தங்கை
ருக்குமணி


கோயம்புத்தூர்
27.1.2024

அன்புள்ள தங்கை ருக்குவுக்கு அண்ணனின் ஆசிகள். இங்கு எல்லாரும் நலம். சர்க்கரை இருநூறுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறது. முட்டிக்கு நல்லெண்ணெய் தேய், அந்த டிவி விளம்பரத் தைலத்தை நம்பாதே.

தாள்களைப் பார்த்தேன். நன்றாகவே தேய்த்திருக்கிறாய். மரத்தைச் சீவும் இரும்புத் தகட்டில் இருக்கிற ஆங்கிலப் பெயரைப் பார்த்து, அவன்தான் இழைப்புளியைச் செய்தவன் என்று எண்ணிவிடாதே. பத்தில் ஒன்பது பேர் அதில்தான் ஏமாறுவார்கள். அது தகடு அடித்த கொல்லனின் பெயர். தகடு தேய்ந்தால் வேறு வாங்கிச் செருகிக்கொள்வார்கள். கட்டையைச் செய்தவன் பெயர் முன்முகத்தில் மேலே இருக்கும். உன் இரண்டாவது தாளில் ‘பெல்டன், பிரிஸ்டல்’ என்று பாதி தேய்ந்து தெரிகிறது. பெயரைச் சுற்றிப் பல்வரிசைபோல ஓரம் வைத்து முத்திரை குத்துவது நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வழக்கம். ஆக, கட்டை இங்கிலாந்துச் சரக்கு. மரத்தில் கோதுமைத் தவிடு தூவினாற்போலப் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கிறதா என்று பார். இருந்தால் சந்தேகமே இல்லை, சீமை மரம்.

அதன்கீழே ‘டி.ஏ.’ என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கிறது. அது செய்தவன் பெயரில்லை, முதலில் வைத்திருந்த தச்சர் தன் பெயரைக் குத்தியது. இப்படி ஒன்று மலைக்கு எப்படி வந்து சேர்ந்ததோ! என் சுவரில்கூட இப்படி ஒன்று இல்லை.

குறிகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அண்ணன்
முருகானந்தம்


வளப்பூர் நாடு
9.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு நலம். நல்லெண்ணெய் தேய்த்தேன், முட்டியைத் தவிர மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் குழந்தைசாமி ஐயாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். புள்ளி இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இருக்கிறது.

அந்த ‘டி.ஏ.’யைக் கேட்டதும் பழைய பேச்சு வந்தது. குப்புசாமி மாமா அன்றைக்குச் சபையில் என்ன சொன்னார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் நினைவிருக்கிறது. துரை பங்களா கட்டுவதற்குக் கீழேயிருந்து தேவசகாய ஆசாரி என்று ஒருவர் வந்தாராம். மாமாவின் தாத்தா அவருக்குக் கையாளாக இருந்தாராம். ஊருக்குத் திரும்பும்போது ஆசாரி அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்றைக்கு இது கட்டுக்கதை என்றார்கள். இப்போது அந்த எழுத்துக்குக் கணக்குச் சரியாக வருகிறதே என்கிறார்கள்.

“எழுத்து யாருதோ, அது கெடக்கட்டும். மேல இருக்கற வெட்டு யாருதுன்னு முருகு சொல்லோணும்” என்றார் குழந்தைசாமி ஐயா. நாடு தீர்த்த தீர்ப்பு குறியை வைத்துத் தீர்த்தது, அதனால் குறியை வைத்துத்தான் அதை மாற்ற முடியுமாம்.

மிளகு பறிக்க ஆள் கிடைக்கவில்லை. நானே ஏணியில் ஏறுகிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

ருக்குமணி


கோயம்புத்தூர்
2.4.2024

அன்புள்ள ருக்குவுக்கு, இங்கு எல்லாரும் நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. கண் டாக்டரிடம் போனேன், பேரனுக்குப் பரீட்சை, அப்படி இப்படி என்று நாள் ஓடிவிட்டது. ஏணியில் ஏறாதே.

பெரியவர்களுக்குக் கொடுக்க ஒரு அறிக்கை வைத்திருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். சுருக்கம் இதுதான்: கட்டை இங்கிலாந்துச் சரக்கு. அதன்மேல் இரண்டு நாட்டுக் குறிகள் உள்ளன. நாள்பட்டுவிட்டதால் எது முந்தியது, எது பிந்தியது என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

என் யோசனை ஒன்று. குப்புசாமி மாமாவுக்கு வயதாகிவிட்டது. அவரை மன்னித்து வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாட்டாரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நீயும் இதில் அலையாதே, கண்ணு. உன் உடம்பைப் பார்.

அண்ணன்


வளப்பூர் நாடு
14.4.2024

அண்ணனுக்கு, சித்திரை முதல் நாள். எல்லாரும் நலமா? நான் இருக்கிறேன்.

உங்கள் அறிக்கையைப் பெரியவர்களிடம் கொடுக்கவில்லை. தனபாலிடம் மட்டும் சொன்னேன். “மன்னிக்கறதுன்னா அவரு திருடுனாருன்னு ஆயிரும்ங்க. அதுக்கு இப்படியே இருந்துட்டுப் போறோம்” என்றார்.

பேப்பரில் நீங்கள் சொல்லியிருந்ததை மறுபடி எடுத்துப் படித்தேன். பழைய வெட்டில் எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்திருக்கும், புது வெட்டு அதைக் கிழித்துக்கொண்டு குறுக்கே போகும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் சின்னப் பிள்ளை இல்லை, ஐம்பத்துநாலு வயது. எனக்கும் தெரிகிறது. கூட்டல் கறுப்பு. நம் மூன்று கோடும் அதன்மேல் வெளுப்பாக ஓடுகின்றன. அப்பா அதைத் தொடாமல் வைத்திருந்ததால் வெளுப்பு அப்படியே நின்றிருக்கிறது.

பெட்டியில் இருக்கிற மற்ற இழைப்புளிகளையும் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். அவை பத்து. பத்திலும் நம் குறியின் ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் மயிரிழைபோல ஒரு மேடு இருக்கிறது. உளியின் வாய் பொரிந்து சில்லு பெயர்ந்திருந்தால் அப்படி வரும் என்று தனபால் சொன்னார். பதினொன்றாவதிலும் அதே மேடு இருக்கிறது. ஒரே உளி, ஒரே ஆள். நம் வீட்டு ஆள்.

அப்பாவா? ஆறு வருடம் அவரைப் படுக்கையில் வைத்துத் துடைத்துவிட்டேன், அண்ணா. உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, பரவாயில்லை. ஆனால் ஊரானின் பொருளில் தன் குறியை வெட்டிக்கொண்டு அவனையே திருடன் என்று சொன்ன மனிதரையா துடைத்தேன் என்று நினைத்தால் அவர் படத்துக்கு விளக்கேற்றக் கை வரவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்குச் சபையில் தனபால், “முருகுதான் எங்கிட்ட எரவல் வாங்கிட்டுப் போனான்” என்றார். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ‘எனக்கு ஞாபகமில்லை’ என்றீர்கள். நான் உங்களை நம்பினேன். எனக்கும் தனபாலுக்கும் உறுதி பேசிப் பூவும் வைத்திருந்தார்கள். மறுநாள் தனபால் வந்து கூப்பிட்டபோது கதவைச் சாத்திக்கொண்டேன். “உங்கண்ணனைக் கேளு ருக்கு” என்று வெளியே நின்று சொன்னார். நான் கேட்கவில்லை. எடப்புளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன், புருஷன் செத்ததும் திரும்பியும் வந்துவிட்டேன். இத்தனை வருடமும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். நான் யாரை நம்பி, யாரை நம்பாமல் கதவைச் சாத்தினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ருக்குமணி


கோயம்புத்தூர்
20.5.2024

அன்புள்ள ருக்குமணிக்கு அண்ணி மைதிலி எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

உன் அண்ணனிடம் நீ என்ன எழுதிக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார், சட்டை மாற்றினால் அதையும் மாற்றுகிறார். சுவரில் இருந்த இழைப்புளிகளையெல்லாம் இறக்கிச் சாக்கில் கட்டிவிட்டார். போன வாரம் ஒருவர் திருச்சியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து யார் செய்தது என்று கேட்டார். ‘எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க’ என்று வாசலோடு அனுப்பிவிட்டார். பிரஷர் ஏறி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இப்போது தேவலை.

உங்கள் மலையில் எதுவாக இருந்தாலும் முப்பது வருடத்துப் பழசுதானே? எனக்காக விட்டுவிடேன், ருக்கு.

அண்ணி
மைதிலி


வளப்பூர் நாடு
3.6.2024

அன்புள்ள அண்ணிக்கு, இங்கு நலம். அண்ணன் தேறிவருவது சந்தோஷம்.

என்ன கேட்டேன் என்பதை அவரிடமே கேளுங்கள். நான் சொன்னால் கோள் சொன்னதாகிவிடும். விட்டுவிடு, விட்டுவிடு என்று எல்லாரும் என்னிடம்தான் வருகிறீர்கள். நானும் விட்டுக்கொண்டேதான் வந்தேன். இனி விட ஒன்றும் பாக்கியில்லை, அண்ணி. களைப்பாக இருக்கிறது. பதில் வந்தால் படுத்துத் தூங்குவேன், அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஒரு பலாப்பழம் அனுப்பியிருக்கிறேன். சர்க்கரைக்காரர் கெஞ்சுவார், கொடுக்காதீர்கள்.

ருக்குமணி


கோயம்புத்தூர்
11.7.2024

ருக்குவுக்கு,

உடம்பு இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பெரியவர்களுக்கான புது அறிக்கை உள்ளே இருக்கிறது. அதில் இருப்பதையே உனக்கும் எழுதுகிறேன். பழையதைக் கிழித்துவிடு.

கட்டை பிரிஸ்டல் ஊர் பெல்டன் செய்தது. தகடு வேறு கொல்லனுடையது. முதலில் வைத்திருந்தவர் டி.ஏ. என்ற தச்சர், குப்புசாமி மாமா சொன்ன தேவசகாய ஆசாரி என்று கொள்வதில் எனக்குத் தடை இல்லை. அடுத்தது கூட்டல் குறி, மாமாவின் வீட்டார் வெட்டியது, வெகு காலத்துக்கு முந்தியது. கடைசியாக உள்ள மூன்று சாய்கோடு 1990 பங்குனியில் வாய் பொரிந்த அரையங்குல உளியால் வெட்டப்பட்டது. வெட்டியவன் முருகானந்தம் ஆகிய நான்.

அப்பா சேந்தமங்கலத்துப் பழைய சாமான் கடையில் சாக்கோடு எடை போட்டு வாங்கினார். உள்ளே எத்தனை என்று அவருக்கே தெரியாது. பிரித்தவன் நான், பத்து இருந்தன. எல்லாவற்றிலும் குறி வெட்டிவிடு என்று சொல்லிவிட்டு மரம் பார்க்கப் போனார். அன்று காலையில்தான் தனபாலிடம் அவன் வீட்டு இழைப்புளியை இரவல் வாங்கியிருந்தேன். சீமை இழைப்புளி எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை. அதுவும் குவியலோடு கிடந்தது. அதன் கூட்டல் எண்ணெய் ஏறி மூடிக்கிடந்தது. வேகத்தில் வெட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது கோட்டில் உளி இடறியது. துடைத்துப் பார்த்தால் கூட்டல். அப்போது அப்பா வந்து, “எத்தனைடா?” என்றார். வெட்டியதைச் சொன்னேன். “பதினொண்ணு.”

தனபாலிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மத்தியானம் மாமா தன் பொருள் கிடப்பதைப் பார்த்து எடுத்துப்போய்விட்டார். குறியை அவர் கவனிக்கவில்லை. சாயங்காலம் அப்பா எண்ணினார். பத்துதான் இருந்தது. நான் ஓடிவருவதற்குள் ஐம்பது பேர் முன்னால் மாமாவின் பெட்டியைத் திறந்துவிட்டார். நம் குறியைப் பார்த்துத்தான் கத்தினார். அப்பா பொய் சொல்லவில்லை, ருக்கு. அவருக்கு எதுவும் தெரியாது. அவர் படத்துக்கு விளக்கேற்று.

அப்பாவின் மானத்துக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இருபத்துமூன்று வயதில் ஊர் முன்னால் அடிவாங்க வெட்கப்பட்டேன். அதனால் ஞாபகமில்லை என்றேன். ஒவ்வொரு கோடும் ஞாபகம் இருந்தது. மறுவாரமே வேலை தேடி இங்கே ஓடிவந்துவிட்டேன். நீ எடப்புளிக்குப் போனபோது கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீ கதவைச் சாத்தியது என்னால்தான். தனபால் சொன்னது அத்தனையும் உண்மை. மைதிலியிடம் நேற்றுச் சொன்னேன். இரண்டு வேளையாக என்னோடு பேசவில்லை. என்மேல் உனக்குக் கோபமா என்று கேட்பதே அபத்தம். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

முருகானந்தம்


வளப்பூர் நாடு
26.8.2024

அண்ணனுக்கு, ருக்குமணி எழுதுவது.

மழையில் ரோடு சரிந்து பஸ் ஒரு வாரம் வரவில்லை. அதனால் பதிலுக்கு இத்தனை நாளாகிவிட்டது என்று எழுதலாம். உண்மையில் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் சும்மா இருந்தேன். சாமைக்குக் களை எடுத்தேன். பிறகுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆடி பதினெட்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டினார்கள். குழந்தைசாமி ஐயா வாசித்தார். ‘வெட்டியவன் முருகானந்தம் ஆகிய நான்’ என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நாடு தப்பாகத் தீர்த்துவிட்டது என்று எழுந்து நின்று சொன்னார். இழைப்புளியை நான்தான் என் கையால் குப்புசாமி மாமாவிடம் கொடுத்தேன். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தனபால் குனிந்து சத்தமாகச் சொன்னார்.

மாமா அழுவார், இல்லை யாரையாவது திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். “கட்டை எந்த ஊருன்னு எழுதியிருக்கான்? அதை இன்னொருக்கா படிங்க” என்றார். ஐயா பிரிஸ்டலை மறுபடி படித்தார். “எங்க தாத்தனுக்கே தெரியாது” என்றார் மாமா. கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அவங்கப்பன் நாலு அடி போட்டிருப்பான். அம்புட்டுத்தான?” என்றார். இந்த வார்த்தை உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கதவு மரத்தில் முதல் சீவலை அவரே எடுத்தார். அது பாதியில் அறுந்துவிட்டது. இன்னொன்று எடுத்தார். அது முழுசாக வந்தது.

வெளியே வந்து தனபாலிடம் பேசினேன். அன்றைக்கு அவரை நம்பாமல் கதவைச் சாத்தியது என் தப்புதான் என்று சொன்னேன். “அதெல்லாம் எப்பவோ போச்சுங்க. பேத்திக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு விளக்கேற்றினேன். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள். கோபம்தான். எழுதிவிட்டீர்கள் என்று ஒரு ஆறுதலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று கரைக்கவில்லை, தனித்தனியாகவே இருக்கின்றன.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை கதவைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பொய்ப்பழி சொன்ன வீடும் பழி சுமந்த வீடும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும் என்பது நாட்டு முறை. அப்போதுதான் பழி தீர்ந்ததாகக் கணக்கு. அந்தப் பக்கம் தனபால் பிடிப்பார். இந்தப் பக்கம் அப்பா இல்லை. நீங்கள்தான் வர வேண்டும். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டிலேயே தங்கலாம். வேளாவேளைக்குச் சோறு போடுவேன். உங்களோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. மாத்திரைகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், இங்கே அந்த மாத்திரை கிடைக்காது.

ருக்குமணி